மூடியின் உள்பக்கம்

தெரசாவின் வலது கையை யாரும் அழகான கை என்று சொல்ல மாட்டார்கள். விரல் நுனிகள் அசிட்டோன் பட்டுப் பட்டு வெளுத்து உரிந்திருக்கும். கண்ணாடி நார் ஏறிய இடங்களில் சிவப்புப் புள்ளிகள். கையுறை போட்டாலும் மணிக்கட்டு வழியாக நார் உள்ளே இறங்கிவிடும். சுடுதண்ணீர் பட்டால் நமைச்சல் கூடும் என்பதால் மார்கழியிலும் பச்சைத் தண்ணீரில்தான் கழுவுவார். அந்தக் கையைத்தான் பென்னாகரத்து வண்டிக்காரர்கள் ராசியான கை என்றார்கள்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில், ஊரைத் தாண்டியதும் இடதுபுறம் இருக்கும் தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. வேன், மினிபஸ், லாரி எதுவானாலும் ஃபைபர் பாகம் உடைந்தால் அங்கே வந்து நிற்கும். உடைந்ததைத் தெரசா ஒட்டுவார். அவர் கணவர் ஆரோக்கியராஜ் தேய்த்து, பெயிண்ட் அடிப்பார்.

தொழிலைத் தெரசா கற்றது ஓசூரில். பஸ்களுக்கு முகப்பும் பம்பரும் செய்து தரும் ஒரு கம்பெனியில் எட்டு ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளி. அச்சுக்குள் நார்ப்பாய் விரித்து, ரெசின் என்ற பிசினைப் பூசி, காற்றுக்குமிழ் நிற்காமல் உருளையால் உருட்டுவது பெண்களின் வேலை. ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் மருந்தைக் கலப்பது ஆண்களின் வேலை. கூலியும் அதற்குத்தான் அதிகம். முகமூடி கேட்ட பெண்களிடம் துப்பட்டாவைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். தெரசா உருளையை உருட்டிக்கொண்டே கலவையைக் கண்ணால் படித்தார். கிலோ ரெசினுக்குப் பதினைந்து மில்லி ஹார்டனர். குளிராக இருந்தால் இருபது. அதற்கு மேல் ஊற்றினால் சீக்கிரம் இறுகும். ஆனால் கொதித்து, உள்ளுக்குள் வெடித்து, அப்பளம் மாதிரி ஆகிவிடும். எட்டாவது ஆண்டில் பி.எஃப். எண் எங்கே என்று கேட்ட பதினோரு பெண்களைக் கம்பெனி ஒரே நாளில் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. பதினோரு பேரில் ஒருவர் தெரசா.

ஊர் திரும்பிப் பட்டறை போட்டபோது முதல் இரண்டு மாதம் ஈதான் வந்தது. பொம்பளை கையில் வண்டியைக் கொடுப்பதா என்றார்கள். அப்புறம் ஒரு பள்ளிக்கூட வேன் வந்தது. தெரசா ஒட்டிக் கொடுத்த சில மாதங்களில் அந்த வேன் பள்ளத்தில் இறங்கியது. ஒரு குழந்தைக்கும் கீறல் இல்லை. வேகம் குறைவு, பள்ளமும் ஆழமில்லை. ஆனால் ஊர் அப்படிப் பார்க்கவில்லை. அந்தம்மா கை பட்ட வண்டி என்றது.

உண்மையில் அவர் செய்தது வேறு. மற்றவர்கள் வெளிப்பக்கம் தேய்த்து, விரிசலில் பட்டி திணித்து, பெயிண்ட் அடித்து அனுப்புவார்கள். தெரசா பாகத்தைக் கழற்றித் திருப்பிப் போடுவார். ஐந்து ரூபாய் நாணயத்தால் உள்பக்கம் முழுக்கத் தட்டுவார். நல்ல இடம் டங் என்னும், அடுக்கு விட்டுப்போன இடம் டப் என்னும். டப் என்ற இடத்தை எல்லாம் நல்ல நார் தெரியும்வரை சரிவாகத் தேய்த்து எடுத்துவிட்டு, இரண்டு அடுக்கு நார்ப்பாய் வைத்து, சூடு தணிந்த பிறகு மேலும் இரண்டு வைப்பார். அவர் வண்டிகள் மறுபடி உடையாததற்கு இதுதான் காரணம்.

திறமை என்று சொன்னால் அந்தப் பெண்ணை மதிக்க வேண்டியிருக்கும். ராசி என்று சொல்லிவிட்டால் அந்த வேலை இல்லை. முதல் நட்டைத் தெரசாதான் கழற்ற வேண்டும் என்று காத்திருந்தவர்கள், காலனிக்காரியான அவர் நீட்டும் தண்ணீர்ச் சொம்பைத் தாகமில்லை என்று மறுத்தார்கள். தெரசாவுக்கு இது புரிந்துதான் இருந்தது. ஆனாலும் ராசி என்ற சொல் வண்டிகளைக் கொண்டுவந்தது. அதை மறுத்துப் பேசாமல் சிரித்துவைத்தார். அது தனக்குச் சாதகமான பொய் என்பதால் சும்மா இருந்தார் என்றும் சொல்லலாம்.

சந்திரமோகனுக்கு மூன்று மினிபஸ், பதினெட்டு ஏக்கர், ஊர்க்கோயிலில் முதல் மரியாதை. ஆனி மாதக் கடைசியில் அவருடைய மினிபஸ் ஒன்றின் முகப்பில், பின்னோக்கி வந்த டிராக்டர் இடித்துவிட்டது. கண்ணாடிக்குக் கீழே ரேடியேட்டரை மூடியிருக்கும் பெரிய ஃபைபர் மூடி அது. மேலே கீல், கீழே பூட்டு. பூட்டு உட்காரும் இடத்தில் நட்சத்திரம் மாதிரி விரிசல். டிரைவர் அருள்குமார் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்னாலேயே சந்திரமோகன் பைக்கில் வந்தார்.

"எப்ப குடுப்பே தெரசா?"

"மூணு நாள் ஆவுங்கண்ணா. மழையா இருக்குது, சீக்கிரம் எறுகாது."

"மூணு நாளா? நாளான்னிக்கு ஆடி பொறக்குது. அடிபட்ட வண்டிய ஆடியில எறக்குனா வெளங்குமா? நாளைக்கு காலைல ஒம்போதே காலுக்கு நல்ல நேரம். வண்டி ரெடியா நிக்கணும்."

"ரெசினுக்கு நல்ல நேரமெல்லாம் தெரியாதுங்களே."

அருள்குமார் சிரித்தார். சந்திரமோகன் சிரிக்கவில்லை. "உங்கையி பட்டாப் போதும்மா, எல்லாம் தானா ஆவும். முடியாதுன்னா சொல்லு, தருமபுரிக்கு வுட்டுக்கறேன். மத்த ரெண்டு வண்டியுந்தான்."

மூன்று வண்டி. தெரசா தலையாட்டினார்.

அன்று மாலை தூறிக்கொண்டே இருந்தது. கிலோவுக்கு முப்பத்தைந்து மில்லி என்ற கணக்கில் ஹார்டனரை ஊற்றினார். கை தவறி விழுந்ததல்ல. ஊசிக்குழாயில் அளந்து, தெரிந்தே ஊற்றியது. நான்கு அடுக்கையும் ஒரே மூச்சில் வைத்தார். கால் மணி நேரத்தில் கலவைக் குவளையில் மீதி இருந்தது புகைந்தது. ஒட்டிய இடம் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. ஆறியபோது லேசான பழுப்பு நிறம். காலையில் நாணயத்தால் தட்டினார். டங்கும் இல்லை, டப்பும் இல்லை, நடுவில் ஒரு சத்தம். மணி எட்டு. உள்பக்கத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கும்படி ஆரோக்கியராஜிடம் சொன்னார். எப்போதும் அடிப்பதுதான். அன்று அது மறைப்பதற்காக அடித்தது.

ஒன்பதே காலுக்குப் பூசணிக்காய் வந்தது. பட்டறைக்குள் தீப்பற்றும் ரெசின் டப்பாக்கள் திறந்திருந்ததால், வண்டியைச் சாலைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுக் காயின் மேல் கற்பூரம் கொளுத்தச் சொன்னார் தெரசா. பூசணிக்காயை டிரைவர் சுற்றி உடைப்பது வழக்கம். அருள்குமார் வண்டிக்கு முன்னால் மூன்றாவது சுற்று சுற்றும்போது தூறல் பட்டுக் கற்பூரம் அணைந்தது.

"அட, அணைஞ்சிருச்சே," என்றார் சந்திரமோகன்.

"மழை வந்தா அணையுந்தானுங்க," என்று சொல்லிவிட்டு அருள்குமார் காயை ஓங்கி உடைத்தார்.

ஆடிப் பதினெட்டு அன்று ஒகேனக்கல்லுக்கு ஊரே போகும். ஆற்றில் இறங்கக் கூடாது என்று தடை போட்டிருந்தாலும் போகும். அன்று மதியம் மினிபஸ்ஸில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். மலை இறக்கத்தில் ஒரு வளைவைத் தாண்டியதும், சாலைக் குழியில் சக்கரம் இறங்கி ஏறியது. பூட்டைச் சுற்றியிருந்த ஃபைபர் பிய்ந்தது. காற்று அடியில் புகுந்து மூடியை மேலே தூக்கி, முன்கண்ணாடியில் அறைந்தது. கண்ணாடி முழுக்க வலை மாதிரி விரிசல். அதற்கு மேல் மூடி. டிரைவருக்கு எதிரே எதுவும் தெரியவில்லை. வலதுபக்கம் பள்ளம். அருள்குமார் இடதுபக்கம் மலைச் சரிவை உரசிக்கொண்டே வண்டியை நிறுத்தினார். பாஞ்சாலி என்ற பெண்ணுக்குக் கம்பியில் இடித்து நெற்றியில் நான்கு தையல். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இறங்கிய சனங்கள் அருள்குமார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

மறுநாள் அவருக்கு வேலை இல்லை.

மூடியைப் பூட்டாமல் ஓட்டினான் என்றார் சந்திரமோகன். பூட்டினேன் என்றார் அருள்குமார். "அப்ப உன் ராசி. நீ சுத்துன கற்பூரம் அணைஞ்சப்பவே எனக்குத் தெரியும்," என்றார் சந்திரமோகன். ஒரு காரணம் நிற்காவிட்டால் இன்னொன்று கைவசம் இருந்தது. பூட்டாமல் விட்டவனுக்காவது ஒரு எச்சரிக்கையோடு வேறு வேலை கிடைக்கும். ராசியில்லாதவனை யார் சேர்ப்பார்கள்? பஸ் ஸ்டாண்டில் அந்தப் பேச்சு இரண்டே நாளில் பரவியது. மூன்று முதலாளிகளிடம் கேட்டுப் பார்த்தார். ஒருவர் ஆவணி பிறக்கட்டும் என்றார். ஒருவர் வண்டி இல்லை என்றார். வாசலில் வண்டி நின்றது. மூன்றாமவர் வெளியே வரவே இல்லை.

கிழிந்த மூடி தெரசாவிடம் வந்தது. கீழே பூட்டு இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை. சந்திரமோகன் ஒரு சாக்குப்பையையும் வைத்தார். வண்டிச் சட்டத்திலிருந்து கழற்றிய பூட்டு அதில் இருந்தது. பூட்டு மூடியபடியே இருந்தது. அதோடு போல்ட் போட்ட நிலையில், மூடியிலிருந்து பிய்ந்த அந்த உள்ளங்கை அளவுத் துண்டும்.

தெரசா துண்டின் ஓரத்தைப் பார்த்தார். நார்கள் கிழிந்திருக்கவில்லை, ரெசினிலிருந்து நழுவி, சுத்தமாக வெளியே வந்திருந்தன. ரெசின் பழுப்பாக, மயிரிழை விரிசல்களோடு இருந்தது. நகத்தால் கீறினார். பொடிந்தது.

"உன்னைய ஒன்னும் சொல்லலம்மா," என்றார் சந்திரமோகன். "உங்கையி பட்டதாலதான் ஒரு உசுரும் போவல. அவன் ராசிக்கு நாப்பது பேரும் போயிருக்கணும்."

தப்பு தன்னுடையது என்று தெரசா அன்று சொல்லவில்லை. இந்த முறை நான்கு நாள் கேட்டார். சந்திரமோகனும் ஆடி முடியட்டும் என்றார். புதிய மூடி மாதிரி செய்து கொடுத்தார். பூட்டையும் துண்டையும் மட்டும் திருப்பித் தரவில்லை. புதுப் பூட்டு போட்டுவிட்டதாகச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து அருள்குமாரின் மனைவி கனிமொழி பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மடித்த கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்தார். அருள்குமாரின் டிரைவிங் லைசென்ஸ்.

"அக்கா, ஒரு ஒதவி. இதை உங்க கையால ஒருதடவ தொட்டுக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"அவருக்கு ராசி போயிருச்சுன்றாங்க. சரியா சாப்புடறது இல்ல. நாம் பூசணிக்காயி ஒழுங்கா சுத்தலயோ, இன்னும் ஒசரமா புடிச்சிருக்கணுமோன்னு அதையே கேட்டுட்டு இருக்காரு. உங்க கை பட்டா வண்டி நிக்குதுன்றாங்களே. மனுசனுக்கும் நிக்காதா?"

தெரசா வலது கையைச் சேலைக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நீ வூட்டுக்குப் போ. லைசென்ஸ பத்தரமா வெய்யி. அது நல்லாத்தான் இருக்குது."

"அப்ப தொட மாட்டீங்களா அக்கா?"

"இந்தக் கைதாம்மா அதக் கெடுத்துது," என்றார் தெரசா. கனிமொழிக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே போனார்.

ஆரோக்கியராஜுக்குப் புரிந்தது. பெயிண்ட் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

"சொல்லப் போறியா?"

"ஆமா."

"சொன்னா நாளைக்கு ஒரு வண்டியும் இந்தப் பக்கம் வராது. புள்ள காலேஜ் படிக்குது."

"அருளு வூட்லயும் புள்ளைங்க இருக்குது."

"சந்திரமோகன்கிட்ட தனியா போயி சொல்லேன். ஸ்டாண்டுல வெச்சு எதுக்கு?"

"ராசியில்லன்னு சொன்னது ஸ்டாண்டுலதான?"

ஆரோக்கியராஜ் பெயிண்ட் டப்பாவை மூடினார். அப்புறம், "சும்மா வாயால சொன்னா நம்ப மாட்டானுங்க. அருளு மேல பரிதாபப்பட்டுப் பொய் சொல்றேன்னுவானுங்க," என்றார்.

அதுதான் உண்மையில் சிக்கல். ராசியை நம்ப யாரும் சாட்சி கேட்பதில்லை. தவறை ஒப்புக்கொள்பவரிடம்தான் ஆதாரம் கேட்பார்கள். தெரசா அன்றே இரண்டு பட்டைகள் செய்தார். ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம், நான்கு அடுக்கு. ஒரே ரெசின், ஒரே நார்ப்பாய். ஒன்றுக்குச் சரியான அளவு, இரண்டு இரண்டு அடுக்காக, பொறுத்துப் பொறுத்து. இன்னொன்றுக்கு முப்பத்தைந்து கணக்கில், ஒரே மூச்சில். பெயிண்ட் அடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில், டீக்கடை முன்னால் ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். சந்திரமோகன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தெரசா சாக்குப்பையோடு நேராக அங்கே போனார். பட்டைகளை எடுத்து, எல்லோருக்கும் மூத்த டிரைவர் தீர்த்தகிரியிடம் நீட்டினார்.

"அண்ணா, இத ஒடைங்க."

"காலங்காத்தால என்னாம்மா, டீ குடிக்க வுடு," என்றவர் முதல் பட்டையை முழங்காலில் வைத்து அழுத்தினார். வளைந்தது, உடையவில்லை. மறுபடி அழுத்தினார். "எம் மாமியா மாதிரி இருக்குது. வளையும், ஆனா வழிக்கு வராது."

சிரித்தார்கள்.

"இப்ப இத."

இரண்டாவது பட்டை முழங்காலில் பட்டதும் படக்கென்று இரண்டாகியது. தீர்த்தகிரி கையில் இருந்த துண்டைப் பார்த்தார். "அடேங்கப்பா. இதென்னா அப்பளமா?"

"ரெண்டும் என் கைதானுங்க. ராசி ரெண்டுக்கும் ஒன்னுதான். ஒன்னுக்கு மருந்து அளவா ஊத்துனேன், இன்னொன்னுக்கு ரெண்டு மடங்குக்கு மேல ஊத்துனேன். சந்திரமோகன் அண்ணன் வண்டிக்கு நான் வெச்சது இந்த ஒடைஞ்சது."

பூட்டையும் பிய்ந்த துண்டையும் பெஞ்சின் மேல் வைத்தார். "பூட்டு மூடித்தான் இருக்குது பாருங்க. அருளு பூட்டாம வுடல. நான் ஒட்டுன எடந்தான் பிஞ்சுது."

சந்திரமோகன் பேப்பரை மடித்தார்.

"சரி, உன் தப்பாவே இருக்கட்டும். ஊர்ல எத்தன வண்டிக்கு ஒட்டறே? ஒன்னாவது பிஞ்சுதா? அவன் ஓட்டறப்ப மட்டும் பிஞ்சுதே, அதுக்குப் பேரு என்னா?"

"மத்த வண்டிக்காரங்க மூணு நாள் குடுத்தாங்கண்ணா."

யாரோ பின்னாலிருந்து சிரிப்பை அடக்கினார்கள். சந்திரமோகன் முகம் கறுத்தது.

"உங்க ஆளுன்னதும் வந்து நிக்கறே."

"வண்டியில நாப்பது பேர் இருந்தாங்க. எங்க ஆளுங்களும் இருந்தாங்க, உங்க ஆளுங்களும் இருந்தாங்க. பிரேக் புடிச்சவரு ஆள எண்ணிப் பாத்துப் புடிக்கல."

"இனிமே என் வண்டி உன் பட்டறைக்கு வராது."

"தெரியுங்கண்ணா. முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

சந்திரமோகன் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அருள்குமாரைத் திரும்பக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் கூப்பிடவே இல்லை. ஊர் முழுக்க ஓர் உண்மைக்கு ஒரே காலையில் தலைவணங்கியதாக எழுத எனக்கும் ஆசைதான், அப்படி நடக்கவில்லை. அப்புறம் ஆறு வாரம் பட்டறைக்கு மூன்று பம்பர்தான் வந்தது. ராசி போன கை என்று இப்போது தெரசாவையும் சொன்னார்கள்.

ஸ்டாண்டில் பேசிய வாரத்திலேயே தெரசா பாஞ்சாலியின் ஊரைத் தேடிப் போனார். நெற்றித் தழும்பைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். பாஞ்சாலி கேட்டு முடித்துவிட்டு, "இனிமே யாரு அவசரப்படுத்துனாலும் அப்படிப் பண்ணாத," என்றார். பிறகு தண்ணீர் கொடுத்தார்.

ஆனால் ஸ்டாண்டில் உடைந்த பட்டை ஸ்டாண்டிலேயே இருந்தது. டீக்கடை ஜன்னல் ஓரத்தில் தீர்த்தகிரி இரண்டு பட்டைகளையும் வைத்திருந்தார். வருகிற டிரைவர்கள் நல்ல பட்டையை வளைத்துப் பார்ப்பார்கள், உடைந்ததை விரலால் பொடித்துப் பார்ப்பார்கள். பேச்சு மெல்ல மாறியது. பானுமதி காதில் அது விழுந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற இரண்டு வேன் வைத்திருக்கும் பெண்மணி அவர். அருள்குமாரை வீட்டுக்கு வரச் சொன்னார். அதுவரை அருள்குமாரிடம் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"கண்ணாடி மறைஞ்சிருச்சே, எப்படிப்பா நிறுத்துனே?"

"எடது பக்கக் கண்ணாடியில மலை தெரிஞ்சுதுங்க. அத ஒரசுனா வேகம் கொறையும்னு ஒரசிக்கிட்டே புடிச்சேன். ஒரேடியா மிதிச்சிருந்தா திரும்பியிருக்கும்."

"திங்கக்கெழம காலைல ஏழு மணிக்கு வந்துரு," என்றார் பானுமதி.

புரட்டாசியில் அருள்குமார் ஓட்டிய வேனின் முன்பம்பர் ஒரு வேகத்தடையில் உடைந்தது. தெரசா மூன்று நாள் கேட்டார். பானுமதி நான்கு கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்றரைக்கு, நல்ல ராகு காலத்தில், அருள்குமார் வண்டியை எடுக்க வந்தார். யாரும் சொல்லாமலே பையிலிருந்து நாணயத்தை எடுத்து, பம்பருக்கு அடியில் குனிந்து உள்பக்கம் தட்டினார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, காதை ஒட்டி வைத்துக்கொண்டு, பொறுமையாக.

எழுந்து, கையைத் தட்டிவிட்டு, கொஞ்சம் தயங்கினார். சட்டைப் பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழம் எடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. கனி குடுத்து அனுப்புனா. எனக்கும், இது இல்லாம வண்டிய எடுக்க மனசு வரல."

ஆரோக்கியராஜ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். தெரசா பழங்களையும் அவர் முகத்தையும் பார்த்தார்.

"முழுசா தட்டிப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"சத்தம் எப்படி இருந்துது?"

"டங்குன்னுதான் இருந்துது. எல்லா எடத்துலயும்."

"அப்ப வெச்சுக்க. பெயிண்ட்ல சாறு தெறிக்காம மெதுவா ஏத்து."

அருள்குமார் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கையும் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி மெதுவாக நகர்ந்தது. நான்கும் நசுங்கின. பம்பரில் ஒரு துளிகூடப் படவில்லை.